இரண்டு வீட்டுக்கு ஒரு கோணி

எங்கள் மாடிப்படி திரும்பும் இடத்தில், இரும்புக் கைப்பிடியில், ஒரு கோணிப்பை தொங்கும். என் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். பழைய செய்தித்தாள், கழுவிய பால் கவர், எண்ணெய் டப்பா, உடையாத பாட்டில் என்று, இன்னொரு பிறவிக்குத் தகுதியானதெல்லாம் அதற்குள் போக வேண்டும். ஈரமாக ஒரு துளியும் கூடாது. புனேயில் ஒரு பல்கலைக்கழகக் குடியிருப்பில் நாங்கள் இருந்த வருடங்களில் என்னைப் பிடித்தாட்டிய பொறாமை அந்தக் கோணிக்குள்தான் முளைத்தது. எதையும் எந்த வாளியில் போடுவது என்று இருட்டில்கூடச் சொல்லிவிடுவேன். அந்தப் பொறாமையை எதில் போடுவது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகி வந்தபோது முதலில் தேஹு ரோட்டில் இருந்தோம், என் கணவரின் அண்ணன் வீட்டில். அவருக்கு ராணுவ டிப்போவில் வேலை. அங்கே தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ரேஷன் வரிசையில், ரயில் நிலையத்தில், ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து முழங்கையிலிருந்துகூட வரும். பிறகு என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையின் கருவிக்கூடத்தில் வேலை கிடைத்தது. வளாகத்திலேயே வீடும் கொடுத்தார்கள். வாசலில் இறங்கினால் மரம், மரத்துக்குப் பின்னால் மரம், மழை ஓய்ந்த பிறகும் மரங்களிலிருந்து பெய்துகொண்டிருக்கும் மழை. அத்தனை பச்சைக்கும் நடுவில் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. காய்கறிக்காரரிடம் விரலால் பேசினேன். பக்கத்து வீட்டாரிடம் பல்லால் பேசினேன். மிச்ச நேரம் பேசவில்லை.

அப்போதுதான் கீழ்த்தளத்து அக்கா எனக்குக் கிடைத்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். கணவர் பதிவாளர் அலுவலகத்தில் இருந்தார். அக்கா புனேக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சண்டைக்கு மராத்தி, கடைக்கு இந்தி, காபிக்குத் தமிழ் என்று மூன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்திருந்தார். தினமும் நாலு மணிக்கு நான் கீழே இறங்கிப் போவேன். அக்கா வீட்டுச் சமையலறையில் ஜன்னலோரம் இரண்டு மோடா. ஒன்று சற்றே உயரம், முழங்கால் வலிக்கு. மற்றது என்னுடையது. அக்கா டபராவில் ஆற்றும்போது எழும் நுரையைப் பார்த்தபடி நான் பேச ஆரம்பித்தால், மாடிக்குத் திரும்பி வரும்போது நாக்கு களைத்திருக்கும். என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது. கடுகு வெடித்துக் கையில் பட்டது, ஊரிலிருந்து கடிதம் வரவில்லை, மாவு புளிக்கவில்லை, குளிர். அவ்வளவுதான். ஆனால் நாளின் அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்கு வாய் என்று ஒன்று இருந்தது. அக்கா என்னைக் 'கண்ணு' என்பார். அந்தப் பக்கத்தில் எல்லாரையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்களில் பல்கலைக்கழகத்தின் எஸ்டேட் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி வீட்டுக்கு இரண்டு: ஓலா கச்சரா, சுக்கா கச்சரா. ஈரக்குப்பை பச்சை வாளியில், உலர்குப்பை மாடிப்படிக் கோணியில். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று போட்டார்கள். கோணிகளை எடுத்துப் போய்க் காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி, கண்ணாடி தனி என்று பிரிக்க ஒரு பெண் வந்தார், எல்லாரும் அவரை மாவ்ஷி, அதாவது சித்தி, என்றார்கள். ஈரத்தோடு கலந்து வந்தால் அன்றைய காகிதம் முழுவதும் வீண். அதனால் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும், தப்பு நடந்த வீட்டுக்குப் போய் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. எங்கள் பிளாக்குக்கு அக்கா. வேறு யார்? மூன்று மொழியில் கண்டிக்க அவருக்குத்தான் தெரியும்.

முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, என்னையே நியமித்தது போல. அக்கா சொன்னதையெல்லாம் சொன்ன அன்றே செய்தேன். பால் கவரை முழுசாக மூலை வெட்டாதே, அந்தத் துணுக்கு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது, சின்னதாகக் கீறி மூலை தொங்கட்டும் என்றார். தொங்கவிட்டேன். கவரை உள்ளும் புறமும் கழுவி அடுப்புக்கு மேலே சுவரின் டைல்ஸில் ஒட்டுவேன். ஈரம் இருக்கும்வரை பசை போலப் பிடித்துக்கொண்டிருக்கும். காய்ந்ததும் தானாக உதிரும். மதியத்தில் சமையலறைக்குள் போனால் மேடையெங்கும் வெள்ளைச் சருகு. அக்கா ஒருநாள் கோணியில் கைவிட்டு ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, படியில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உன்ற வீட்டுப் பால் கவர்ல மொகந் தொடச்சுக்கலாம் கண்ணு."

அன்றிரவு எனக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை.

எதிர்வீடு நீண்ட நாள் பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுக்கு அவள் வந்தாள். சென்னைக்காரி. கணவர் கம்ப்யூட்டர் துறையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். அவள் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். என்னைவிடச் சின்னவள், என்னைவிட மெலிந்தவள். நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, தலை ஈரம் சொட்டச் சொட்ட, சாமான் லாரிக்காரனோடு இல்லாத மராத்தியில் பேசிக் காரியத்தை முடித்துக்கொண்டாள். வந்த அன்றே என்னை 'அக்கா' என்றாள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அது கீழ்த்தளத்துக்குச் சொந்தமான சொல்.

அதே வாரம் கோணியில் முட்டை ஓடு. செய்தித்தாளில் சுற்றி, வெள்ளைக்கரு ஒழுக ஒழுக. கீழே கொட்டகையிலிருந்து மாவ்ஷியின் குரல் மரங்களைத் தாண்டி வந்தது. சற்று நேரத்தில் படியில் அக்காவின் செருப்புச் சத்தம். அக்கா மாடி ஏறுவதே இல்லை, முழங்கால். நான் புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டு கதவுக்கு ஓடினேன். செருப்பு திருப்பத்தில் ஒரு முறை நின்றது, மூச்சு வாங்கியது, எதிர்க்கதவுக்குத் திரும்பியது.

உள்ளே போன அக்கா வெளியே வர வெகுநேரமாயிற்று. நாலு மணி தாண்டியது. கீழே வீடு பூட்டியிருந்தது. நான் என் கதவின் உள்பக்கம் நின்றேன். முதலில் அக்காவின் குரல் கண்டிப்பாக, பிறகு அவளுடைய குரல் கொஞ்சலாக, பிறகு இருவரும் சிரிப்பது. சிரிப்புக்குள் முட்டை ஓட்டுக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் கழுவாத தயிர் டப்பா. அதற்கடுத்து, பிஸ்கட் பாக்கெட்டின் பளபளப்புத் தாளைக் காகிதமென்று நினைத்துப் போட்டது. பிறகு தெர்மோகோல், பிறகு காலாவதியான இருமல் மருந்து, பாதி நிறைந்த பாட்டிலோடு. ஒருநாள் எரிந்துபோன டியூப் லைட் ஒன்று கோணியிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது, வேடிக்கை பார்க்க வந்த கொக்கு மாதிரி. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வருகை, அதுவும் என் நாலு மணிக்கு. மார்ச் வெயில் ஏறிவிட்டது. எதிர்வீட்டில் அக்காவுக்குக் கோகம் சர்பத், அந்த ஊர்ப் புளிப்புப் பழத்தில் செய்வது. காலி டம்ளரைப் பால்கனிக் கொடிக்குக் கீழே வைத்திருப்பாள். அடியில் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். காபியைத் தவிர வேறெதையும் நாலு மணிக்கு வாயில் வைக்காத அக்கா, சிவப்பாக எதையோ குடித்துவிட்டுப் படியிறங்கிப் போனார். ஒரு நாள் இறங்கும்போது உள்ளே திரும்பிச் சொன்னார்: "கதவச் சாத்திக்கோ கண்ணு."

கண்ணு.

என் எச்சில் டம்ளரை இன்னொருத்தர் வாயில் பார்த்தது போல இருந்தது எனக்கு.

நானோ இன்னும் சுத்தமானேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவள் தப்பு செய்யச் செய்ய நான் சரி செய்தேன். கடித உறைகளின் கண்ணாடித்தாள் ஜன்னலைப் பிய்த்தெடுத்துத் தனியாக வைத்தேன். கணவர் கொண்டுவரும் பழைய வினாத்தாள்களிலிருந்து ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் கழற்றினேன். மிட்டாய்ப் பெட்டியிலிருந்து ஜிகினாவை உரித்தேன். எண்ணெய் டப்பாவைச் சீயக்காய் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். பாட்டில்களின் லேபிளை ஊறவைத்துச் சுரண்டினேன். அவை நிர்வாணமாக, குளித்து முடித்த குழந்தைகளைப் போல நின்றன. என் கணவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "என்னட்டி, குப்பையக் கல்யாணம் கட்டிக் குடுக்கப் போறியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோடையில் எனக்கு எதற்குமே சிரிப்பு வரவில்லை. ராத்திரி படுத்தால் எதிர்வீட்டுச் சிரிப்புத்தான் காதில் நின்றது, காதுக்குள் தண்ணீர் புகுந்தது போல, தலையைச் சாய்த்துத் தட்டினாலும் வெளியே வராமல்.

கீழே பால் பூத்துக்கு அருகில் அக்காவை ஒரு காலையில் பிடித்தேன். எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லையே என்று, கோபம் தெரியாதபடி, கேட்டேன். அக்கா என் கன்னத்தைத் தொட்டார். தொடும்போதே அவர் கண் எங்கள் மாடிப்படியின் திசையில் இருந்தது.

"உன்ற வீட்டுக்கு நான் எதுக்குக் கண்ணு வரோணும்? ஒரு தப்பு இருக்குதா?"

மெச்சித்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பால் வாங்கிக்கொண்டு போனார். நான் அங்கேயே நின்றேன். இத்தனை நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு பால் கவரையும் கழுவக் கழுவ அக்கா வரும் வழியையும் சேர்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். சரியாக இருக்கும் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். வரத் தேவையில்லை.

மறுநாள் காலை காபி இறக்கிய பிறகு ஃபில்டரின் மேல்பாகத்தை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே சக்கை, கறுப்பாக, சூடாக, கோபமாக. மற்ற நாட்களில் அது பச்சை வாளிக்குப் போகும், இல்லையென்றால் ரோஜாத் தொட்டிக்கு. அந்தக் குடியிருப்பில் எல்லாரும் சாய் குடிக்கிறவர்கள். காபிச் சக்கை விழுவது தமிழ் வீட்டில் மட்டும்தான், தமிழ் வீடு மூன்றுதான். அக்கா வீட்டுக் கோணி கீழே. எங்கள் கோணியில் சக்கை இருந்தால் அக்கா மாடி ஏறத்தான் வேண்டும். நேற்றைய செய்தித்தாளை விரித்து, நடுவில் கவிழ்த்து, சுற்றி, கோணியின் அடியில் வைத்தேன். கழுவிக் காயவைத்த என்னுடைய பால் கவர்களின்மேல் பழுப்பு நீர் மெல்லப் பரவியதைப் பார்க்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

அப்புறம் வீட்டைத் துடைத்தேன். முறுக்குப் பிழிந்தேன். அக்காவுக்கென்று உயரமான நாற்காலியில் ஒரு தலையணையை வைத்தேன். ஊரிலிருந்து வந்த தூளில் புதிதாக டிகாக்‌ஷன் இறக்கி, இரண்டு டபரா செட்டையும் விபூதி போட்டுத் தேய்த்து வைத்தேன். அரக்கு நிறப் புடவை, அக்கா நல்லாயிருக்குது என்று ஒரு தடவை சொன்னது. மத்தியானம் கொட்டகைப் பக்கம் மாவ்ஷியின் குரல் கேட்டது: "தாயி, ஹே காய்?" இது என்ன என்று அக்காவிடம் கேட்கிறார். அதுவரை யாருடைய கண்டிப்புக்காகவும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

செருப்புச் சத்தம் ஏறியது. ஒரு படிக்கு ஒரு மூச்சு. திருப்பத்தில் நின்றது. என் கை தாழ்ப்பாளில் இருந்தது.

எதிர்வீட்டு மணி அடித்தது.

கதவுக்குக் கதவு மூன்று எட்டுகூட இருக்காது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஏங்கண்ணு, காபிச் சக்கையப் பேப்பர்ல சுருட்டிப் போடறதா? அந்தப் பொண்ணோட பால் கவர் பூராவும் நாசம். அவ எப்புடி அலசி அலசி வெக்கறா தெரியுமா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இப்போது அவள் மறுப்பாள், இது எங்கள் வீட்டுச் சக்கை இல்லை என்பாள், அக்கா திரும்புவார்.

"ஸாரிங்க்கா," என்றாள் அவள். "தெரியாமப் போட்டுட்டேன். உள்ள வாங்களேன்."

கதவு சாத்திக்கொண்டது. கோகம் சர்பத்தில் பனிக்கட்டி போடும் சத்தத்தை நானே கற்பனை செய்துகொண்டேனா, நிஜமாகக் கேட்டேனா தெரியாது. என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வந்து அணைத்துவிட்டு, முறுக்கைத் தட்டோடு முன்னால் வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் தின்றேன். வெளியே மாமரத்தில் குயில் ஒன்று விடாமல் கூவிக்கொண்டிருந்தது. அதைக் கல்லால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் ஒன்று உறுத்தியது. செய்யாததை ஏன் ஒத்துக்கொண்டாள்?

இரண்டு நாள் கழித்துத் திருப்பத்தில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். நான் பால் கவர்களோடு, அவள் பழைய காலண்டரோடு. அவள்தான் ஆரம்பித்தாள், குரலைத் தாழ்த்தி.

"எங்க வீட்ல யாருக்குமே காபிப் பழக்கம் இல்லீங்க்கா. ஃபில்டரே கெடையாது."

எனக்கு முகம் சூடாயிற்று. அப்படியானால் ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அக்கா அப்படியே திரும்பி உங்க வீட்டுக்கு வந்திருப்பாங்களே," என்றாள். காலண்டரின் கம்பியை உருவி எடுத்து, தாளைத் தனியாக, கம்பியைத் தனியாக, மிகச் சரியாகப் பிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு செய்யத் தெரியாத விரல்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த டியூப் லைட்டைப் பற்றிக் கேட்டேன். அவள் சிரித்தாள், கதவு வழியாக எனக்குப் பழக்கமான அதே சிரிப்பு.

"முட்டை ஓடு மட்டும் நெஜமாவே தெரியாமப் போட்டது. மீதியெல்லாம் தெரிஞ்சுதான். வேற எப்படிக் கூப்பிடறது அவங்கள? எனக்கும் இங்க யாரு இருக்கா?"

இதைக் கேட்டு மனம் இளகியிருக்க வேண்டும். நல்ல மனுஷி என்றால் இளகியிருக்கும். எனக்கு வந்ததோ புதிதாக ஒரு பொறாமை, முன்பு இருந்ததைவிடக் கூர்மையாக. எனக்கு ஒரு கோடை முழுவதும் தேவைப்பட்ட யோசனை இவளுக்கு வந்த வாரமே தோன்றியிருக்கிறது. நான் நகத்தால் பின் கழற்றிக்கொண்டிருந்தபோது இவள் அழகழகாகத் தப்புகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஒன்று போல் மற்றொன்று இல்லாமல், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரப் பேச்சுக்குத் தாங்கும்படி.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "வந்தா முழுக்க உங்களப் பத்தித்தான் பேசுவாங்க. அவ வீட்டு பாட்டிலப் பாரு, அவ கை சுத்தத்தப் பாருன்னு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

அதைக் கேட்டு இரவெல்லாம் புரண்டேன். என்னைப் பற்றிய அத்தனை நல்ல சொற்களும் எதிர்வீட்டில் கொட்டப்பட்டிருக்கின்றன. என் காதுக்கு வந்திருக்க வேண்டியவை, சர்பத் குடித்துக்கொண்டே இவள் கேட்டுப் புளித்துப்போன காதுக்குள் போயிருக்கின்றன. என் புகழ்ச்சிக்கே நான் பொறாமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. உறைமோர் வாங்கினோம், கொடுத்தோம். அவள் கணவர் ஊருக்குப் போனால் எங்கள் வீட்டிலிருந்து ரசம் போகும். கோணியை முறை வைத்துக் கீழே கொண்டுபோனோம். ஆனால் நாலு மணிக்கு அக்காவின் செருப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இரண்டு கதவுக்குப் பின்னாலும் இரண்டு காது இருந்தது. சில நாள் நான் கீழே போவேன், மோடாவில் அவள் இருப்பாள். சில நாள் அவள் வருவாள், நான் இருப்பேன். எழுந்து இடம் விடும் வழக்கம் எங்களுக்குள் ஏற்படவேயில்லை.

இப்படிச் சில வருடம். பிறகு அக்காவின் கணவர் ஓய்வு பெற்றார். குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். மகன் ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலையில் இருந்தான், வாகட்டில் புதிதாக ஃப்ளாட் வாங்கியிருந்தான். அங்கே போனார்கள். லாரி கிளம்பும்போது அக்கா எங்கள் இருவர் கையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் கையின் மேல் என் கை இருக்கிறதா, என் கையின் மேல் அவளுடையதா என்று நான் குனிந்து பார்த்தேன். பார்த்தது நினைவிருக்கிறது, விடை நினைவில்லை.

ஒரு மழைக்காலத்து ஞாயிறு. இருவரும் சேர்ந்து வாகட் போனோம். சேர்ந்து போவதாக முடிவு செய்யவில்லை. தனித்தனியாக ஒரே பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம். அவள் கையில் ரவா லட்டு, என் கையில் முறுக்கு. வழியெல்லாம் பாதி கட்டிய கட்டடங்கள் மழையில் நனைந்து நின்றன. அக்காவின் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது, காவலாளி இருந்தார், வாசலில் மீன் நீந்தும் தொட்டி இருந்தது. குப்பையை மட்டும் எல்லா வீட்டாரும் ஒரே கறுப்புப் பையில் கட்டிக் கதவருகே வைத்திருந்தார்கள். அக்கா வீட்டு வாசலில் மட்டும் பச்சை வாளி தனி, துணிப்பை தனி. அவற்றைப் பார்த்தபடி இருவரும் மணி அடிக்க மறந்து நின்றோம்.

அக்கா சமையலறையிலிருந்து காபியோடு வந்தார். என்றும் காபி தொடாத அவளும் அன்று ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்து ஒரு வாய் குடிப்பதற்குள் கதவு மணி. பக்கத்து ஃப்ளாட்டுப் பெண். ஜீன்ஸ், ஈரத் தலை, கையில் பாதி உடைந்த தேங்காய் ஓடு.

"ஆன்ட்டி," என்றாள் இந்தியில், ஓட்டை உயர்த்திக் காட்டி, "இது ஓலாவா, சுக்காவா?"

அக்காவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எங்கள் இருவருக்குமே தெரியும், நாங்கள் இருவருமே அதைத் தின்று வளர்ந்தவர்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "செத்த இருங்க, இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, ஒரெட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டு அவளோடு போய்விட்டார். பக்கத்து ஃப்ளாட்டுக் கதவு சாத்திக்கொண்டது. சிரிப்புச் சத்தம் வந்தது.

சோபாவில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தெரிஞ்சேதான் கேக்கறா," என்றாள் எதிர்வீட்டுக்காரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். சமையலறைக்குள் போனேன். மேடையில் அக்காவின் ஃபில்டர், இன்னும் இளஞ்சூடு. மேல்பாகத்தைக் கழற்றி, ஒரு செய்தித்தாளில் சக்கையைத் தட்டி, சுருட்டி, அக்காவின் துணிப்பைக்குள், காய்ந்த காகிதங்களுக்கு நடுவில், ஆழமாக வைத்தேன். திரும்பினால் வாசலில் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரவா லட்டு டப்பாவை மேடையில் வைத்தாள். அக்கா திரும்பி வரும்வரை இருந்து, காபி ஆறிப்போனதற்கு அவர் வருத்தப்பட, பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம்.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. என் வீட்டில் இல்லை.

நான் பால் கவர்களோடு திருப்பத்தில் நின்றிருந்தேன். எதிர்க்கதவு பாதி திறந்திருந்தது. "அய்யோ ஆமாங்க்கா," என்று அவள் சொல்வது கேட்டது. "நான்தான், ஏதோ ஞாபகத்துல... இல்லீங்க்கா, இனிமே பாத்துக்கறேன்." அதே கொஞ்சல், அதே சிரிப்பு. இரண்டாவது தடவையும் என் சக்கையை அவள் தன்னுடையதாக்கிக்கொண்டாள்.

அன்று நான் ஒரு காரியம் செய்தேன், அத்தனை வருடத்தில் செய்யாதது. மணி அடிக்காமல் எதிர்வீட்டுக்குள் நுழைந்தேன். தொலைபேசிக்கு முன்னால் போய்க் கையை நீட்டினேன். அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள், கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள். ரிசீவரில் அவள் காதின் சூடு இருந்தது.

"அக்கா, நான் பேசுதேன். சக்கையப் போட்டது அவங்க இல்ல, நான்தான். அன்னைக்கும் நான்தான்."

மறுமுனையில் அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

"போ கண்ணு. அவளக் காப்பாத்தறதுக்கு நீ பொய் பேசறியா? உனக்கெல்லாம் அப்புடிப் போடத் தெரியாது."

ரிசீவரை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பேச்சு வெகுநேரம் நடந்தது.